பத்தொன்பது விநாடி

ஜெஸி அனுப்பிய படத்தைக் கிருபாபாய் முதன்முதலில் பார்த்தது சரசம்மாவின் போனில்தான். கிருபாபாயின் விரலெல்லாம் அண்டித் தோல் அப்பியிருந்தது. பனச்சமூட்டிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற ரோட்டோரத்து முந்திரி அண்டியாபீஸில் அவளுக்குத் தோலுரிக்கிற வேலை. வறுத்து உடைத்த முந்திரிப் பருப்பின் மேல் ஒட்டிக்கிடக்கும் சிவந்த தோலைப் பிச்சாத்தி முனையால் நோகாமல் சுரண்டி எடுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழப் பட்டால் பருப்பு பிளந்து தரம் இறங்கிவிடும். பதினேழு வருஷமாகச் செய்கிற வேலை என்பதால் கை தன்பாட்டுக்கு ஓடும், வாய் தன்பாட்டுக்குக் கதை பேசும்.

பதினொரு மணிக் கட்டன் சாயா வந்ததும் மற்ற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்கள். மறுநாள் அண்டி லோடு வருமா, வேலை உண்டா என்று காலையிலேயே குரூப்பில் கேட்டிருந்தார்கள். மேஸ்திரி ‘இப்பச் சொல்லுதேன்’ என்று போட்டதோடு சரி. அதைக் கேலி செய்துதான் ஜெஸி அந்த ஸ்டிக்கரைப் போட்டாள். கொட்டகையே சிரிப்பில் குலுங்கியது. ஜெஸி காஞ்சிரங்குளத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள்; வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. ஆட்களோடு ஒட்டிக்கொள்ள அவளுக்கு இந்த மாதிரிச் சிரிப்புதான் வழி.

“என்னட்டி இப்படிச் சிரிக்கிதிய? கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியல்ல,” என்று சரசம்மா தன் போனைக் கிருபாபாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “நீ பாத்துச் சொல்லு பிள்ளே.”

பள்ளிக்கூட யூனிபாரம் போட்ட ஒரு பெண்பிள்ளை. இரட்டைப் பின்னல், கறுப்பு ரிப்பன். கண் பாதி மூடி, கழுத்து ஒரு பக்கமாக வெட்டி, வாய் திறந்தபடி நிற்கிறது. திறந்த வாயின்மேல் போனில் நெட் கிடைக்காதபோது சுற்றுமே, அந்த வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே, ‘வருது... வருது...’ என்று எழுத்து.

இடது புருவத்துக்குக் கீழே மச்சம் இருந்தது. ரிப்பனைக் கட்டிவிட்டதே கிருபாபாய்தான்.

“என்ன எழுதியிருக்கு?” என்று சரசம்மா கேட்டாள்.

“இது ஷீனா,” என்றாள் கிருபாபாய்.

“எந்த ஷீனா?”

“எனக்க பிள்ளையாக்கும்.”

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. ஜெஸி எழுந்து வந்து அவள் முன்னால் குத்தவைத்தாள். முகம் வெளுத்திருந்தது. “அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்க அக்காளுக்க மோன் அனுப்பினான். அங்க காஞ்சிரங்குளத்துல எல்லாருக்க போனிலயும் இது உண்டு. ஏதோ சினிமாவுல வாற பிள்ளைண்ணு நெனச்சேன்.”

“எப்ப அனுப்பினான்?”

“ரெண்டு மூணு வாரம் இருக்கும்.”

கிருபாபாய் பிச்சாத்தியைப் பருப்புக்கு மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள். மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ரப்பர் விளைகளுக்கு நடுவே வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை. மழைக்கு முந்தின இருட்டு மரத்தடியில் கூடியிருந்தது. நடந்துபோகும்போது அவளுக்குப் போன வாரம் முழுதும் ஞாபகத்துக்கு வந்தது. திங்கட்கிழமை வயிற்று நோவு என்று ஷீனா படுத்தாள். செவ்வாய்க்கிழமை தலைநோவு. புதன்கிழமை கிருபாபாய் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, “எட்டாங்கிளாசுல படிக்க மடியா உனக்கு? நான் விரலு தேயத் தோலுரிக்கது நீ படுத்துக் கெடக்கவா?” என்று இரண்டு அடியும் வைத்து, பள்ளிக்கூட கேட்டு வரை கூடவே போய் விட்டுவிட்டு வந்தாள். வியாழனும் வெள்ளியும் அப்படித்தான். பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கியிருந்தாள் என்பது இப்போது தெரிந்தது. “அ... அ...” என்று வாயெடுத்ததும் அவசரத்தில் இவள்தான், “சரி சரி, நேரமாச்சு, நட” என்று சொல்லிவிட்டாள்.

திக்குவாய் ஷீனாவுக்கு அப்பன் வழியில் வந்தது. ரெத்தினதாஸுக்கும் உண்டு. நாலு வார்த்தை ஒழுங்காக வரும், ஐந்தாவது வார்த்தை தொண்டையில் குறுக்கே நின்றுவிடும். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. விடியற்காலையில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முதலாளி விளைக்குப் போய் முந்நூறு ரப்பர் மரத்தில் பட்டை வெட்டி, பால் எடுத்து, உறைந்த பாலை ரப்பர் சீட்டாக அடித்துப் போடுகிறவனுக்குப் பேச்சு எதற்கு? மரம் பதில் கேட்பதில்லை.

ஷீனாவுக்குக் கீழ்க்கிளாசில் தமிழ் எடுத்தவர் ராஜபாய் டீச்சர். ஷீனா வாசிக்க எழுந்தால் டீச்சர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். மற்ற பிள்ளைகள் நெளிந்தால், “அவ பைய வாசிக்கட்டு. நமக்கு என்ன பஸ்ஸா போவுது?” என்பார். அந்தப் பிள்ளைகளும் அப்படியே பழகிப்போனார்கள். ஷீனாவுக்கு வார்த்தை நின்றால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். வார்த்தை வந்ததும் தலையைத் திருப்புவார்கள். ஒரு பக்கம் வாசிக்கக் கால் மணிக்கூர் ஆகும். யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை.

எட்டாங்கிளாசில் ஹைடெக் முறி என்று ஒரு புது வகுப்பறை வந்தது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. சுவரில் பெரிய வெள்ளைத் திரை, மேலே புரொஜெக்டர், மூலையில் மூன்றுகால் ஸ்டாண்டில் கேமரா. நிபின் சார் ஜூன் மாதம் வந்து சேர்ந்த சின்ன வயதுக்காரர், நல்ல மனுஷர். தமிழ் மீடியத்துப் பிள்ளைகள் எதிலும் பின்னால் போய்விடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமையும் வந்து வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு சானல் தொடங்கியதும் அவர்தான். பிள்ளைகள் பேசுவதை எடுத்து அதில் போடுவார். வளைகுடாவில் இருக்கிற அப்பாமார் பார்த்துவிட்டு இதயமும் கைகூப்பும் பொம்மைப் படமாக அனுப்புவார்கள். ஊரில் எல்லாருக்கும் அதில் பெருமைதான். கிருபாபாய்க்கும்தான்.

‘எங்கள் ஊர்த் தொழில்’ என்று ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றபோது, ஷீனா நாலு பக்கம் எழுதினாள். அப்பாவின் ரப்பர் வெட்டு. ஒரு வாரம் அவள் அதைப் பேசிப் பழகியதைக் கிருபாபாய் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் ரெத்தினதாஸ் சீட்டு அடிக்கிற ரோலரைச் சுற்றுவான். உறைந்த பால் வெள்ளைத் துணி போல நீண்டு வெளியே வரும். ஷீனா எதிரில் நின்று பேசுவாள். அவளுக்கு ‘ப’தான் பகை. பால், பட்டை, பாத்திரம் எல்லாமே ப.

“பா... பாலுக்குப் ப... பதிலா ரப்பருண்ணு சொல்லேன் மக்கா,” என்றான் ரெத்தினதாஸ்.

“பா... பா... பாலைப் பாலுண்ணுதான் அப்பா சொல்லணும்.”

“அதும் ச... சரிதான்.” இரண்டு பேரும் சிரித்தார்கள். கிருபாபாய் அடுப்படியில் கிழங்கு வெந்துகொண்டிருந்த சட்டியை மூடிவிட்டு வந்து, தானும் ரோலருக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். கடைசி நாள் ஷீனா முழுவதையும் எங்கும் நில்லாமல் சொல்லி முடித்தாள்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அவள் வீட்டில் சொல்லவில்லை. பின்னால் நிபின் சாரே சொன்னதுதான். பேசுகிற பிள்ளையின் முகம் பேசப் பேசவே திரையில் பெரிதாகத் தெரிகிற மாதிரி அவர் வைத்திருந்தார். பிள்ளைகளுக்குத் தைரியம் வரும் என்று நினைத்தார். இருட்டு முறியில் மற்ற பிள்ளைகளின் முகம் ஒன்றும் தெரியாது. சுவர் முழுக்கத் தன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஷீனா பேசினாள். அரை நிமிஷம் நன்றாகவே போனது. ‘பட்டையை’ என்ற இடத்தில் வாய் நின்றது. சுவரிலும் அந்த வாய் ஆளுயரத்துக்குத் திறந்து நின்றது. கீழே மீதி நேரம் எண் எண்ணாகக் குறைந்துகொண்டிருந்தது. பத்தொன்பது விநாடி அவள் அப்படியே நின்றாள். இருட்டில் ஜன்னல் இல்லை; பிள்ளைகளுக்கு வெளியே பார்க்கவும் வழியில்லை.

“குழப்பமில்ல மோளே, நான் கட் பண்ணிக்கிடுதேன்,” என்று நிபின் சார் சொல்லி அவளை உட்கார வைத்தார். நாற்பது வீடியோவை ஒன்றாக ஏற்றும்போது அதை வெட்ட மறந்துவிட்டார்.

கிருபாபாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. வெட்டு இல்லாத நாள் என்பதால் ரெத்தினதாஸ் வராந்தாவில் சிரட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஷீனா பள்ளிக்கூடம் போயிருந்தாள். கிருபாபாய் நனைந்த சேலையோடு நின்று, குரூப் வழியே தன் போனிலும் வந்து கிடந்த அந்தப் படத்தை அவனிடம் காட்டினாள்.

அவன் வெகுநேரம் பார்த்தான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“இதை எ... எங்கினயோ பாத்தேன்,” என்றான். “வெட்டுக்காரங்களுக்க கு... குரூப்பில. மழை நிக்குமாண்ணு ஒ... ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன் இதைப் போட்டான். நானும் சி... சி...”

சிரித்தேன் என்பதை அவன் சொல்லி முடிக்கவில்லை. திக்கியதாலா, இல்லை சொல்ல வேண்டாம் என்று விட்டானா என்று கிருபாபாய்க்குத் தெரியவில்லை. “சின்னதாத் தெரிஞ்சு. ந... நான் உத்துப் பாக்கல்ல கிருபே,” என்றான்.

சாயங்காலம் ஷீனா வந்து புத்தகப் பையை இறக்கி வைத்தாள். அம்மா நேரத்தோடு வந்திருப்பதையும் அப்பன் எழுந்து நின்றதையும் பார்த்தாள். கிருபாபாய், “மக்கா...” என்று மட்டும்தான் சொன்னாள். பிள்ளைக்கு விளங்கிவிட்டது. போய் முறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று வாங்கி வைத்த சாளை மீனைக் கிழங்கோடு யாரும் தின்னவில்லை.

விஷயத்தை அன்றே போனில் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் இரண்டு பேரும் நேரில் போனார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சத்யபாமா டீச்சர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். நிபின் சார் அழுதிருந்தார் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“சேச்சி, அதை நேத்தைக்கே டெலிட் செய்தாச்சு,” என்றார் அவர். “மன்னிக்கணும். நான் வெட்டணும்ணு ஓர்மையிலேதான் வச்சிருந்தேன்.”

“இங்க இருந்து போ... போச்சு சாரே,” என்றான் ரெத்தினதாஸ். “போன எடத்துல இருந்து?”



“ஆரு செய்ததுண்ணு தெரியுமா டீச்சர்?” என்று கிருபாபாய் கேட்டாள்.

“விசாரிச்சேன். அதாக்கும் சங்கடம்,” என்றார் சத்யபாமா டீச்சர். “ஒருத்தர்ண்ணு சொல்ல முடியல்ல. வீடியோவிலேருந்து படத்தை எடுத்தது ஒரு பிள்ளை. எதுக்குண்ணு கேட்டா சும்மாண்ணு சொல்லுது. முகத்தை வெட்டினது வேறொண்ணு. எழுத்துப் போட்டது இன்னொண்ணு. அனுப்பினது எல்லாரும்.”

வாசலில் ஒரு பிள்ளை வந்து நின்றது. அமிர்தா. ஒன்றாங்கிளாசிலிருந்து ஷீனாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். கிருபாபாய் வீட்டுச் சோற்றைப் பாதி நாள் தின்று வளர்ந்தவள்.

“நான் வட்டம் மட்டும்தான் போட்டேன் மாமி,” என்று அழுதாள். “அவளுக்குக் காட்டினா சிரிப்பாண்ணு நெனச்சேன். அவளுக்குத்தான் மொதல்ல காட்டினேன்.”

அவளை அடிக்க வேண்டும் என்றுதான் கிருபாபாய் எழுந்தாள். எழுந்த பிறகு அதற்குக் கை வரவில்லை. பிள்ளையின் மூக்கைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, “கிளாசுக்குப் போ மக்கா,” என்றாள்.

வெளியே வந்ததும் ரெத்தினதாஸ் கொடிமரத்தடியில் நின்றான். “என்னைப் பாத்துச் சிரிச்சவனுக்கெல்லாம் மூ... மூஞ்சி உண்டு கிருபே. நான் அடிச்சிருக்கேன், அடி வாங்கியும் இருக்கேன். சாயங்காலமானா எல்லாவனும் ஒ... ஒரே குளத்துலதான் குளிச்சோம். இவ ஆரைப் போய் அ... அடிப்பா?”

அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. நேரே பனச்சமூட்டுக்கு நடந்தான். என்ன செய்யப் போகிறான் என்று தெரியாமல் கிருபாபாயும் பின்னால் போனாள். சாயாக்கடை முன்னால் நின்ற முதல் ஆளிடம் அவன் தன் போனைக் காட்டி, “இ... இது எனக்க மோளு. உங்ககிட்ட உண்டுண்ணா எடுத்துக் க... களைங்க,” என்றான். அந்த ஆள் பதறிப்போய்த் தேடி அழித்தார். இரண்டாவது ஆளிடம் போனான். மூன்றாவது ஆளிடம் போனான். ஆட்டோ ஸ்டாண்டில் செல்லசாமி மற்ற டிரைவர்களையும் கூப்பிட்டு, “எல்லாவனும் போனை எடுங்கலே. ரெத்தினதாஸுக்க பிள்ளையாக்கும்,” என்று சத்தம் போட்டு, ஒவ்வொருத்தனும் அழிக்கிற வரை பக்கத்திலேயே நின்றான். தமிழ்நாடு, கேரளா என்று இரண்டு பக்கத்து பஸ்ஸும் வந்து நின்று போகிற இடம். மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறப் போகிறவர்கள், நெய்யாற்றின்கரை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் என்று எல்லாரிடமும் அவன் போனான். தெரியாதவர்கள் கடன் கேட்கிறான் என்று நினைத்து விலகினார்கள். ஒரு அம்மா படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, “அய்யோ மோனே,” என்றாள்.

ரெத்தினதாஸ் ஒரு நாளில் அத்தனை பேசிக் கிருபாபாய் பார்த்ததில்லை. பேசப் பேச வார்த்தை அதிகமாக நின்றது. மத்தியானத்துக்கு மேல் ‘எனக்க மோளு’ என்பதற்குள் கழுத்து நரம்பு புடைத்துக் கண் சிவந்துவிட்டது. அப்போதுதான் அவள் கவனித்தாள். பஸ் நிறுத்தத்துத் தூணில் சாய்ந்து நின்ற ஒருத்தன், வயது இருபதுக்கு மேல் இருக்கும், போனை உயர்த்திப் பிடித்திருந்தான். அவன் கண் ரெத்தினதாஸின் மேல் இல்லை. போனின் மேல் இருந்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தலையை நீட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கிருபாபாய் ஓடிப்போய்ப் புருஷனின் கையைப் பிடித்தாள். “மதி, போதும். வீட்டுக்கு வாருங்க.”

“இன்னும் அ... அந்தப் பக்கம்...”

“மதிண்ணு சொன்னேனில்லியா!” என்று நடு ரோட்டில் கத்தினாள். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை. செல்லசாமி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டான். வழியெல்லாம் ரெத்தினதாஸ் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தான். அறுபத்தேழு பேர் அழித்திருக்கிறார்கள் என்று சொன்னான்.

அதற்குப் பிறகு ஷீனா பள்ளிக்கூடம் போகவில்லை. பேசுவதையும் நிறுத்திவிட்டாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள், இல்லையென்றால் கையைக் காட்டுவாள். சபை போதகர் வந்து ஜெபம் செய்தார். சரசம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவி, வாய்க்கு வந்த நாட்டு விசேஷமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஜெஸி ஒருநாள் பலகாரப் பொதியோடு வந்து, உள்ளே வரத் தைரியமில்லாமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள். தொண்டையில் ஒன்றுமில்லை, அவசரப்படுத்தாதீர்கள், நாளாகும் என்றார். எத்தனை நாள் என்று கிருபாபாய் கேட்டாள். 

ஒரு மாதம் போனது. வருகைப் பதிவு குறைந்தால் வருஷமே போய்விடும் என்று நிபின் சார் வீட்டுக்கு வந்தார். ஷீனாவுக்கென்று கிளாசை அவர் தன் லேப்டாப் வழியே அனுப்புவார். அவள் வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம். கேமராவும் மைக்கும் அணைத்து வைத்துக்கொள்ளலாம். ஒருத்தரும் அவளைப் பார்க்க மாட்டார்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

“இதுக்கும் போன்தானா சாரே?” என்றாள் கிருபாபாய்.

“எனக்கு வேற என்ன செய்யணும்ணு தெரியல்ல சேச்சி,” என்றார் அவர். அது உண்மை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. முறிக்குள்ளிருந்து ஷீனா கதவை ஒரு சாண் திறந்து, சரி என்று தலையாட்டினாள்.

ரெத்தினதாஸின் பழைய போனைச் சரிசெய்து அவளுக்குக் கொடுத்தார்கள். காலையில் பிரேயர் பாட்டுச் சத்தம் முறிக்குள்ளிருந்து கேட்கும். பிறகு நிபின் சார் பேர் வாசிப்பார். ஷீனாவின் பேருக்கு ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது ஒரு நாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை என்று குரூப்பில் போட்டிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் கிருபாபாய் அடுப்படியில் நெத்திலிக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் சிணுங்கியது. கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

‘அம்மா, நேத்து வச்ச மீன்கறியில உப்பு கூடிப்போச்சு. இண்ணைக்குக் கொஞ்சமாப் போடுங்க. தேங்காயைக் கொஞ்சம் கூடுதலா அரைச்சா நல்லாயிருக்கும். எனக்கு ரெண்டு அப்பளமும் பொரிச்சுத் தாங்க.’

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். எங்கும் நிற்கவில்லை. ரோலருக்கு முன்னால் நின்று பேசிய அந்த ஒருநாள் தவிர, பிள்ளை பிறந்து இத்தனை வருஷத்தில் இத்தனை வார்த்தையை ஒரே மூச்சில் தன்னிடம் சொன்னதேயில்லை என்பது தோன்றியதும், சிரிப்பாக வந்தது கண்ணில் நீராக இறங்கியது. அப்பளத்தைப் பொரித்துக் கதவுக்கு முன்னால் வைத்தாள். ‘நன்றி அம்மா’ என்று போனில் வந்தது.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் வேண்டும், நோட்டு வேண்டும், தலைக்கு எண்ணெய் தீர்ந்தது, அமிர்தா வந்தால் நான் தூங்குகிறேன் என்று சொல்லுங்கள் என்று எல்லாம் எழுதித்தான் வரும். அடுத்த முறியிலிருந்து வரும். பிள்ளை எழுதுகிற அழகைக் கிருபாபாய் அண்டியாபீஸில் சரசம்மாவிடம் சொல்லும்போது பெருமையாகச் சொல்லத் தொடங்குவாள். பாதியிலே விட்டுவிட்டு அடுத்த பருப்பை எடுப்பாள்.

ரெத்தினதாஸுக்கு எழுத்துத் தட்டத் தெரியாது. கை விரலெல்லாம் ரப்பர் பால் காய்ந்து தடித்தவை. ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். ஒருநாள் அந்தியில், மழை விட்டு மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தபோது, அவன் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, “பேசி அனுப்புகதுக்கு எ... எதை அமுக்கணும்?” என்று கேட்டான். கிருபாபாய் மைக்கைக் காட்டிக் கொடுத்தாள். அவன் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வாயருகே கொண்டுபோனான்.

“ம... ம... மக்கா. அ... அப்பா பேசுகேன். க... க... க...” நெடுநேரம் நின்றது. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. “கஞ்சி கு... குடிச்சியா?”

விரலை எடுத்தான். போய்விட்டது. அவ்வளவுக்கு நாற்பது விநாடி ஆகியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய குரல் கேட்டது. ம... ம... மக்கா. ரெத்தினதாஸ் தன் குரலை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. தலையைச் சாய்த்துக் கேட்டான். முழுவதும் ஓடி முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொடங்கியது. இரண்டாவது தடவை க... க... என்கிற இடத்தில் நிறுத்தப்பட்டது.

பதில் வந்தது. அவன் போனைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

‘குடிச்சேன் அப்பா. இனி நீங்க பேசி அனுப்பாண்டாம். பனச்சமூட்டில நீங்க எல்லாரிட்டயும் பேசினது எனக்கு வந்துட்டு. அதிலயும் வட்டம் போட்டிருக்கு.’

கிருபாபாய் எட்டிப் பார்த்து அதை வாசித்தாள். பஸ் நிறுத்தத்துத் தூணும், உயர்த்திப் பிடித்த கையும் அவள் கண்முன் வந்து நின்றன. இத்தனை நாளும் அவனுக்குத் தெரியக் கூடாது என்று அவள் நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்த காட்சி அது. அவன் அவளைப் பார்த்தான். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. 

அவன் கிணற்றடிக்குப் போய் மண்ணெண்ணெய் தொட்டு விரலில் இருந்த பாலையெல்லாம் உரித்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை அவளிடம் நீட்டினான். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினாள். ‘ச’ எங்கே இருக்கிறது, ‘ரி’ ஆக்குவதற்கு எதைத் தொட வேண்டும் என்று. வெகுநேரம் பிடித்தது. ‘சரி மக்கா’ என்று எழுதி அனுப்பினான்.

அடுத்த நாள் ‘தூங்கினியா’ என்று எழுதினான். அதற்கடுத்த நாள் ‘மழை’ என்று எழுதினான். ‘ஆமாப்பா, நல்ல மழை’ என்று வந்தது. கார்த்திகை மாதம் பிறப்பதற்குள் அவன் நாலைந்து வரி எழுதப் பழகிவிட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் வார்த்தை திக்கவில்லை.